பென்சிலின் ஊசி என்றாலே ஏன் எல்லோரும் கையை விரிக்கிறார்கள்? பெனிடியூர் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உப்புக்காற்று
(இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ராமநாதபுரம் கடலோரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து 4 மாதம் ஆகிறது. இதற்கு முன் 6 வருடம் மதுரையில் ஐசியூ வேலை. பென்சிலின் எனக்குப் புதிதல்ல. கிரிஸ்டலைன் பென்சிலினை 100 மில்லி சலைனில் கலந்து எத்தனையோ பேருக்கு ஏற்றியிருக்கிறேன். ஆனால் அங்கே திரும்பினால் டாக்டர், கையை நீட்டினால் ஆக்ஸிஜன். இங்கே சாயங்காலத்துக்கு மேல் நானும் ஒரு பணியாளர் அக்காவும் மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். 13 வயது, 34 கிலோ. ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைக் கிருமியால் வந்து இதயத்தைத் தாக்கும் காய்ச்சல்) வந்து இதய வால்வில் லேசான கசிவு. அது திரும்ப வராமலிருக்கப் பெனிடியூர் எல்ஏ 12, அதாவது 12 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், 21 நாளைக்கு ஒரு முறை என்று மதுரையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் பையிலிருந்து மருந்துப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, "மூணு எடத்துல கேட்டாச்சு சிஸ்டர். பென்சிலினா, நாங்க போடுறதில்லைங்கறாங்க" என்றார்.

எனக்கும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போடுகிறேன் என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை டாக்டர் இருக்கும்போது வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். ஐசியூவில் சொட்டு மருந்தாக ஏற்றும்போது ஏதாவது ஆனால் குழாயை மூடிவிடலாம். இது தசைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு மூன்று வாரம் கரைகிற மருந்து. போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. பயம் அங்கேதான்.

டெஸ்ட் டோஸ் (அலர்ஜி பார்க்க முதலில் போடும் சின்ன அளவு) எப்படிப் போடுகிறீர்கள், எந்த நீடில், பக்கத்தில் என்னென்ன வைத்துக்கொள்வீர்கள்? தெரிந்ததைச் சொல்லுங்கள்.


வெள்ளைத்தொப்பி

தங்கச்சி, நீ பயப்படுவது நல்லதுதான். பயமே இல்லாமல் போட்டவர்களைத்தான் நான் பயந்து பார்த்திருக்கிறேன்.

34 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒரு கதை சொல்கிறேன், அப்புறம் நீ கேட்டதற்கு வருகிறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், எந்த ஊர், எந்த இடம் என்பதை விடு. காலில் சிலந்திக்கட்டி மாதிரி வந்து ஒரு பெரியவருக்கு பென்சிலின் போட்டோம். டெஸ்ட் டோஸில் ஒன்றுமில்லை. சுத்தமாக நெகட்டிவ். ஊசியைப் போட்டதும் "பஸ்ஸுக்கு நேரமாச்சு தாயி" என்று எழுந்தார். நானும் சரி போங்க என்றேன். 10 நிமிஷம்கூட ஆகியிருக்காது. பஸ் ஸ்டாப் டீக்கடைப் பையன் ஓடி வந்தான், "உங்க ஊசிக்காரர் விழுந்து கெடக்கார்" என்று. உதடு வீங்கி, நெஞ்செல்லாம் தடிப்புத் தடிப்பாக, மூச்சு விசில் மாதிரி. டாக்டர் அட்ரினலினை, அலர்ஜி முற்றினால் போடுகிற ஊசி மருந்தை, கையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். பிழைத்துக்கொண்டார். அவர் பஸ் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். ஊசிக்கு முன்னால் கேட்கிற கேள்வி, ஊசிக்குப் பின்னால் உட்கார வைக்கிற அரை மணி நேரம். நடுவில் இருக்கிற குத்தல் சின்ன வேலை. நோயாளியின் பஸ் பாஸையோ செருப்பையோ வாங்கி வைத்துக்கொள்வேன், சிரிக்காதே. 30 நிமிஷம் ஆனால்தான் திருப்பிக் கொடுப்பேன்.

கேள்வி என்றால் "அலர்ஜி இருக்கா?" என்று கேட்டு நிறுத்தக் கூடாது. நம் ஊரில் அந்த வார்த்தைக்குப் பதில் "இல்ல" என்றுதான் வரும். "இதுக்கு முன்னாடி பென்சிலின் போட்டிருக்கீங்களா, எப்ப போட்டீங்க, போட்டு எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சு, மேல் அரிச்சுதா, மூச்சு முட்டுச்சா, ஆஸ்பத்திரியில சேர்த்தாங்களா" என்று பிரித்துக் கேள். ஆஸ்துமா உண்டா என்றும் கேள். ஆஸ்துமாக்காரருக்கு ரியாக்‌ஷன் வந்தால் மூச்சில்தான் மோசமாக அடிக்கும்.


நாட்டுப்படகு

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. தங்கச்சிமடம் பக்கம் கடல் தொழில். என் மகனுக்கு 2019ல் இருந்து இதே ஊசிதான். சிஸ்டர் சொன்ன அந்த அப்பாவைப் படித்ததும் எனக்கு நான்தான் ஞாபகம் வந்தேன்.

ஆரம்பத்தில் ஒரு கிளினிக்கில் "எழுதிக் கொடுத்தவரையே போடச் சொல்லுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தவர் மதுரையில் இருக்கிறார். பையனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் தொழில் போச்சு, 21 நாளைக்கு ஒரு தடவை இப்படி. நடுவில் இரண்டு தடவை விட்டுவிட்டோம். திரும்பக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கியது. அப்போதுதான் டாக்டர் படம் வரைந்து காட்டினார், ஒவ்வொரு தடவை காய்ச்சல் திரும்பும்போதும் வால்வு இன்னும் கொஞ்சம் கெடும் என்று. ஊசியால் வருகிற ஆபத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஊசி போடாமல் விட்டால் வருகிற ஆபத்தை யாரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு யோசனை, சிஸ்டர். முதல் ஊசியை எந்தக் கிழமை போடுகிறோம் என்று பார்த்துப் போடுங்கள். 21 நாள் என்றால் மூன்று வாரம், அதனால் எப்போதும் அதே கிழமைதான் வரும். வியாழன் போட்டால் சாகும்வரை வியாழன். எங்களுக்குக் கடலுக்குப் போகாத கிழமையாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள், அதற்கப்புறம் ஒன்றுகூடத் தவறவில்லை. தினசரி காலண்டரில் அந்தத் தாளின் பின்பக்கம் "ஊசி" என்று எழுதி வைத்துவிடுவேன்.


ட்யூட்டி டாக்டர்

நாட்டுப்படகு அண்ணன் சொன்ன கிழமைக் கணக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. நான் திருடிக்கொள்கிறேன்.

டெஸ்ட் டோஸ் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் கிரிஸ்டலைன் பென்சிலினை நீர்த்து முன்கையில் தோலுக்குள் ஒரு சின்னக் கொப்புளம் எழுப்பி, 15 முதல் 20 நிமிஷம் கழித்துப் பார்க்கிறோம். முறையான பரிசோதனை என்பது வேறு. பென்சிலின் உடலில் உடைந்து உண்டாகும் பொருள்களுக்கென்று தனி மருந்து, கூடவே தோலைத் தடிக்க வைக்கும் ஹிஸ்டமினை ஒரு இடத்தில், வெறும் சலைனை ஒரு இடத்தில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சலைனாவது கட்டாயம் போடுங்கள். சிலருக்குக் குத்தினாலே தடிக்கும். சலைன் போட்ட இடமும் அதே அளவு தடித்திருந்தால் அது பென்சிலின் அலர்ஜி ஆகாது.

இரண்டு நாளாக அவில், செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். கடற்கரையில் பாதிப் பேர் சளிக்கு அதைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள், கேட்டுவிடுங்கள். அப்புறம், பால்போல் வெள்ளையாக இருக்கும் பென்சத்தீனையே நீர்த்து டெஸ்ட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கரையாத மருந்து. டெஸ்டுக்கு அது உதவாது.

முக்கியமானது: டெஸ்ட் நெகட்டிவ் என்றால் ஆபத்து குறைவு என்று அர்த்தம், இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. டெஸ்ட் டோஸுக்கே ரியாக்‌ஷன் வந்ததும் உண்டு. அதனால் டெஸ்ட் போடும் முன்பே அட்ரினலின் மேஜையில் இருக்க வேண்டும். தொடர்ந்து 21 நாளுக்கு ஒரு முறை போடுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் வேண்டுமா என்பதில் இடத்துக்கு இடம் நடைமுறை வேறு. உங்கள் நிலையத்தில் எழுத்தில் இருப்பது எதுவோ அதைச் செய்யுங்கள். எழுத்தில் இல்லையென்றால் மருத்துவ அலுவலரிடம் எழுதி வாங்குங்கள்.


வெள்ளைத்தொப்பி

டாக்டர் சொன்னது சரி. ஆனால் எங்கள் காலத்தில் டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டால் மனசு அடங்கிவிடும், அதுதான் அதன் கெடுதல். போர்டில் "டெஸ்ட் டோஸ் நெகட்டிவ்" என்று எழுதியதும் எமர்ஜென்சி ட்ரேயைத் தள்ளி வைத்துவிடுவோம்.

சரி, குத்தும் வேலைக்கு வருகிறேன். தங்கச்சி, இந்த மருந்து உன்னை அவமானப்படுத்துகிற மருந்து. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கும். நீல நிற நீடிலை, அதுதான் 23ம் நம்பர், போட்டால் பாதியில் அடைத்துக்கொள்ளும். குழந்தை அழும், நீ அழுத்துவாய், சிரிஞ்சு நகராது. பச்சை, 21ம் நம்பர் எடுத்துக்கொள். கரைத்து உறிஞ்ச ஒன்று, போட வேறொன்று. ஸ்டெரைல் வாட்டர் லேபிளில் போட்டிருக்கிற அளவுதான், நீர்க்கக் கரைத்தால் அடைக்காது என்று தாராளமாக ஊற்றினால் ஒரே இடத்தில் அவ்வளவையும் தசை தாங்காது. பாட்டிலை உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் வைத்து உருட்டு. கட்டி இல்லாமல் கலங்கியதும் உடனே போடு. கரைத்து வைத்துவிட்டு ஓபி சீட்டு எழுதப் போனால் அடியில் வண்டல் உட்கார்ந்துவிடும்.

இடம் இடுப்பு. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வை. உன் உள்ளங்கை தொடை எலும்பு மேலே துருத்துகிற இடத்தில், ஆள்காட்டி விரல் முன்பக்க இடுப்பெலும்பு முனையில், நடுவிரலைப் பின்னால் விரி. இரண்டு விரலுக்கும் நடுவில் கிடைக்கிற இடம் பத்திரம். அங்கே பெரிய நரம்பும் இல்லை, பெரிய ரத்தக்குழாயும் இல்லை. பழைய முறைப்படி பின்பக்கம் போடுவதென்றால் நாலாகப் பிரித்து மேலே வெளிப்பக்கம் இருக்கிற பாகம் மட்டும்தான், கீழே இறங்கினால் கால் நரம்பு. கையில், தோளில் போடவே கூடாது.

குத்தியதும் பின்னால் இழுத்துப் பார். வெள்ளை மருந்துக்குள் ரத்தம் கலந்தால் உடனே தெரியாது, நீடில் அடிப்பகுதியைப் பார். சிவப்போ கருஞ்சிவப்போ கண்டால் எடுத்துவிடு, அந்த மருந்தைக் கொட்டிவிட்டு வேறு எடு. இது ரத்தக்குழாய்க்குள் போனால் மூச்சும் இதயமும் நின்றுபோகும். கேனுலாவில் ஏற்றிவிட்டு ஆளைப் பறிகொடுத்த கதைகள் உலகம் பூராவும் உண்டு. வார்டில் சிரிஞ்சை வெறுமனே வைக்காதே, "இடுப்புக்கு மட்டும்" என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டு.


நாட்டுப்படகு

வலிக்கு ஏதாவது செய்ய முடியுமா? பையன் ஊசியன்று நொண்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவான். இப்போது 16 வயது, வெளியே சொல்ல மாட்டேன் என்கிறான்.


உப்புக்காற்று

ஐசியூ பழக்கத்தில் சொல்கிறேன் அண்ணே. மருந்து குளிர்ச்சியாக இருந்தால் வலி கூடும், அதனால் அறைச் சூட்டுக்கு வந்தபின் போடணும். ஸ்பிரிட் காய்ந்தபின் குத்தணும். போடுமுன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்தி வைத்தால் வலி கொஞ்சம் மந்தமாகும். மெதுவாக, 2 நிமிஷத்துக்குக் குறையாமல் செலுத்தணும். வலது, இடது என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போட்டோம் என்று நோட்டில் குறித்து வையுங்கள். சில இடங்களில் தண்ணீருக்குப் பதில் லிக்னோகெயினில் கரைக்கிறார்கள், அது டாக்டர் எழுதினால் மட்டும்.


சும்மா படிக்கிறவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இறால், கணவாய் சாப்பிட்டால் உதடெல்லாம் தடித்துவிடும். அப்படியென்றால் பென்சிலினும் ஆகாதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.


ட்யூட்டி டாக்டர்

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இறாலில் இருக்கிற புரதம் வேறு, பென்சிலின் வேறு. நோட்டில் எழுதிக்கொள்வோம், அதற்காக ஊசியை நிறுத்த மாட்டோம். பாம்பன், தொண்டிப் பக்கமெல்லாம் இதைத் தடையாக எடுத்துக்கொண்டால் யாருக்கும் எதுவும் போட முடியாது.


கீழக்கரை லாத்தா

எனக்கும் ஒரு சந்தேகம். எனக்குச் சின்ன வயசில் பென்சிலின் "ஒத்துக்கல" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் அவர்களுக்கும் ஞாபகம் இல்லை. "வயித்தால போச்சு, மேல் சூடாச்சு" என்பார்கள். 30 வருஷமாக எந்த டாக்டரிடம் போனாலும் பென்சிலின் அலர்ஜி என்று சொல்லிவிடுகிறேன். பல்லுக்கு, தொண்டைக்கு எல்லாம் விலை கூடின மாத்திரையாக எழுதுகிறார்கள். நிஜமாகவே எனக்கு அலர்ஜிதானா?


ட்யூட்டி டாக்டர்

லாத்தா, "ஒத்துக்கல" என்ற ஒரே வார்த்தையில் நாம் எல்லாவற்றையும் போட்டு அடைத்துவிடுகிறோம். வயிற்றுப்போக்கு பக்க விளைவு, அலர்ஜி இல்லை. வாந்தியும் அப்படித்தான். "சூடு" எதில் சேரும் என்று எனக்கே தெரியாது.

பென்சிலின் அலர்ஜி என்று சொல்கிறவர்களை முறைப்படி சோதித்தால் 100க்கு 90க்கு மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதில்லை. உண்மையிலேயே இருந்தவர்களிலும் 10 வருடத்தில் 10க்கு 8 பேருக்கு அது போய்விடுகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு வீட்டில் ஒரு மாத்திரையைப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள்! அவசரச் சிகிச்சை வசதி உள்ள இடத்தில், டாக்டர் முன்னிலையில் செய்கிற சோதனை அது. ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் என்று வந்திருந்தால் கதை வேறு. தோல் உரிந்து, வாயெல்லாம் புண்ணாகியிருந்தால் சோதனையே கூடாது, வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாது.

பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களில் 100க்கு 10 பேருக்கு, அதன் உறவான செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்கும் ஆகாது என்ற பழைய கணக்கை இன்னும் சொல்கிறார்கள். இப்போது தெரிவது 100க்கு 2க்கும் கீழே. ஆனாலும் கடுமையான ரியாக்‌ஷன் வந்தவருக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.


மருந்துச்சீட்டு

மருந்துக்கடையில் 20 வருஷம். லாத்தாவுக்கு நேர் எதிரான ஆட்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். பென்சிலின் ஒத்துக்காது என்று நன்றாகத் தெரிந்தவரே வந்து "பல்லு வீங்கியிருக்கு, அமாக்ஸிசிலின் ரெண்டு கொடுங்க" என்பார். அதுவும் அதே குடும்பம் என்று தெரியாது. "சிலின்" என்று முடிந்தால் நில்லுங்கள் என்று சொல்லிக் கொடுப்பேன். அதிலும் பிராண்ட் பெயரில் ஒளிந்துகொள்ளும். ஆக்மென்டின், பிப்டாஸ் இவற்றின் பெயரில் சிலின் தெரிகிறதா? உள்ளே இருப்பது அதுதான். ஆஸ்பத்திரியில் சிஸ்டர்கள் அலர்ஜியைச் சிவப்பு மையில் எழுதினால் மட்டும் போதாது. சின்ன அட்டையில் எழுதி நோயாளி பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். கடை வரைக்கும் வருவது அந்த அட்டைதான், கேஸ் ஷீட் இல்லை.

பெனிடியூர் அடிக்கடி தட்டுப்பாடு. ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. போடும் அன்றைக்குத் தேடாதீர்கள், ஒரு வாரம் முன்னால் சொல்லி வையுங்கள்.


கிராமச் செவிலி

தொண்டிப் பக்கம். எனக்கு இந்த ஊசி வேறு வழியில் வரும். கர்ப்பிணிகளுக்கு முதல் ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறதா என்று பார்ப்போம். வந்துவிட்டால் பென்சத்தீன் 24 லட்சம், இரண்டு இடுப்பிலும் 12, 12. நோய் பழசு என்றால் வாரம் ஒன்றாக 3 வாரம். வயிற்றுக் குழந்தையையும் சேர்த்துக் குணமாக்குவதற்கு நம்பிக்கையான மருந்து இது ஒன்றுதான். அதனால் அலர்ஜி உள்ள தாயை விட்டுவிடுவதில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குகிறார்கள்.

இதில் ஒரு சங்கதி. போட்ட அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும் அடிக்கும், சிலருக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். கிருமி கூட்டமாகச் சாவதால் வருவது, அலர்ஜி இல்லை, ஒரு நாளில் போய்விடும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் "ஊசி ஒத்துக்கல" என்று இரண்டாவது ஊசிக்கு வர மாட்டார்கள். வயிறு இழுப்பதோ குழந்தை அசைவு குறைவதோ தெரிந்தால் ராத்திரியானாலும் போன் பண்ணு என்று என் நம்பரைக் கொடுத்துவிடுவேன். இன்னொன்று, மீனவர் குப்பத்தில் எந்த ஊசி என்பது அரை மணியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணை இரும்பு ஊசி போடுகிறவர்களோடு சேர்த்து உட்கார வைத்துவிடுவேன். அரை மணி நேரமும் ஆச்சு, பேச்சும் இல்லை.


உப்புக்காற்று

எல்லோருக்கும் நன்றி. நாளைக்கு வருகிறார்கள். எமர்ஜென்சி ட்ரேயை இப்போதுதான் திறந்து பார்த்தேன். அட்ரினலின் ஆம்பியூல் 3 இருந்தது. ஒன்று பழுப்பு நிறம், ஒன்று போன மாதமே காலாவதி. ஆக மிச்சம் ஒன்று. மருந்தாளுநரிடம் சொல்லி 4 வாங்கி வைத்தாயிற்று. அளவை ஒரு தடவை உறுதி செய்யுங்கள் டாக்டர்.


ட்யூட்டி டாக்டர்

ஆம்பியூலில் 1 மில்லி, 1 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 0.5 மில்லி, 6 முதல் 12 வயதுக்கு 0.3, அதற்குக் கீழே 0.15. உங்கள் பாப்பாவுக்கு 13 வயது, 34 கிலோ. கிலோவுக்கு 0.01 என்று பார்த்தால் 0.34, கிட்டத்தட்ட 0.3 வரும், மருத்துவ அலுவலரிடம் கேட்டு முன்கூட்டியே சுவரில் எழுதி ஒட்டுங்கள். தொடையின் நடுவில் வெளிப்பக்கம், தசைக்குள். ரத்தக்குழாயில் ஏற்றாதீர்கள். சரியாகவில்லையென்றால் 5 நிமிஷத்தில் மறுபடி. இன்சுலின் சிரிஞ்சால் போடாதீர்கள், அதன் ஊசி குட்டை, தசை வரை போகாது.

அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அப்புறம்தான். முதலில் அவிலைத் தேடி அந்த 3 நிமிஷத்தைத் தொலைக்கிறவர்கள்தான் அதிகம். ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்குங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும், எழுந்து நடக்க விடாதீர்கள். ஆக்ஸிஜன், சலைன், 108. தெளிந்த பிறகும் அனுப்பக் கூடாது, சில மணி நேரம் கழித்து ரியாக்‌ஷன் மறுபடி வரலாம்.

வால்வு நோயாளிகளுக்கென்று இன்னும் இரண்டு. மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுகிறவருக்கு இடுப்பு ஊசியில் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும், டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அப்புறம், வால்வு ரொம்பக் கெட்டு, மூச்சிரைப்போடு இருப்பவர்கள் ஊசி போட்டதும் சரிந்து இறந்த சம்பவங்களை ஆராய்ந்ததில், பல அலர்ஜியே இல்லை, வலியிலும் பயத்திலும் நாடி விழுந்து பலவீனமான இதயம் தாங்காமல் போயிருக்கலாம் என்று தெரிந்தது. அதனால் அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையே மேல் என்று அமெரிக்க இதய சங்கம் 2022ல் சொன்னது. உங்கள் பாப்பாவுக்கு லேசான கசிவுதான் என்பதால் ஊசி சரி. ஆனால் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், படுக்க வைத்துப் போடுங்கள்.


உப்புக்காற்று

வியாழக்கிழமை மதியம் எழுதுகிறேன். போட்டாயிற்று.

அப்பா கடலுக்குப் போய்விட்டார், அம்மாதான் வந்தார். கேள்வியெல்லாம் கேட்டேன். மதுரையில் ஏற்கெனவே ஒரு தடவை போட்டிருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் நிலைய வழக்கப்படி டெஸ்ட் டோஸ், பக்கத்தில் சலைன், 20 நிமிஷம். இரண்டும் ஒன்றுபோல் சின்னக் கொசுக்கடி அளவு. டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைத்தொப்பி அக்கா, உங்கள் விரல் கணக்குப்படி இடுப்பில் இடம் பார்த்தேன். பாதி போனபோது அடைத்துக்கொண்டது! பச்சை நீடில்தான், ஆனால் நான் பாட்டிலை உருட்டியது போதவில்லை போல. வெளியே எடுத்து, வேறு பச்சை நீடில் மாற்றி, சிரிஞ்சைக் குலுக்கி, மறுபக்கம் மிச்சத்தைப் போட்டேன். பாப்பா என்னை முறைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

போட்டு 6 நிமிஷம் இருக்கும். முகம் வெளுத்து, மேல்உதட்டில் வியர்வை முத்து முத்தாக. "கண்ணு இருட்டுதுக்கா" என்றாள். ட்ரேயிலிருந்து அட்ரினலினை உடைத்துச் சிரிஞ்சில் எடுத்துவிட்டேன். கை நடுங்கியது, மறைக்கவில்லை. நாடியைப் பிடித்தால் 52. மெதுவாக, ஆனால் நிதானமாக. தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை, குரல் கம்மவில்லை, நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் விசில் இல்லை. தலையணையை எடுத்துவிட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தோம். இரண்டு நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் திரும்பியது, நாடி 78. அலர்ஜி ஆகியிருந்தால் நாடி ஓடியிருக்கும், தடித்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். சந்தேகமாகவே இருந்திருந்தால் போட்டிருப்பேன் என்றும் சொன்னார்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஊசி என்று பயந்துபோய் ஒன்றும் சாப்பிடவில்லையாம். முதல் பஸ்ஸைப் பிடிக்க 6 மணிக்கே கிளம்பியிருக்கிறார்கள். "சாப்பிட்டுட்டு வாங்க" என்று நான் அப்பாவிடம் சொன்னேன், அப்பா கடலில்.


ட்யூட்டி டாக்டர்

அட்ரினலினை உடைத்தது வீண் இல்லை. எடுத்து வைத்துத் தேவைப்படாமல் கொட்டுவதுதான் நல்ல நாள். கேஸ் ஷீட்டில் "பென்சிலின் ரியாக்‌ஷன்" என்று யாராவது எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கீழக்கரை லாத்தா கதையாகிவிடும். "ஊசி பயத்தில் மயக்கம், நாடி 52, தடிப்பு இல்லை, படுக்க வைத்ததும் தெளிந்தது" என்று முழுசாக எழுதுங்கள்.


உப்புக்காற்று

அதையே எழுதி டாக்டரிடம் காட்டிவிட்டேன். எந்த மருந்து, எத்தனை லட்சம், பேட்ச் நம்பர், இரண்டு பக்கம் போட்டது, நீடில் அடைத்தது எல்லாம் இருக்கிறது. அம்மாவிடம் தேதியை எழுதிக் கொடுத்தேன். நாட்டுப்படகு அண்ணே, உங்கள் கணக்குப்படி கிழமை கேட்டேன். அப்பாவுக்கு வியாழன் கடல் இருக்குமாம், ஞாயிறுதான் வசதியாம். ஞாயிறு எங்களுக்கு டாக்டர் இல்லை. அம்மாவே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டார், வியாழனே இருக்கட்டும் என்று.


நாட்டுப்படகு

சரி சிஸ்டர். பிள்ளைக்கு இரண்டு இட்லியைக் கட்டி எடுத்துவரச் சொல்லுங்கள், வந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.


மருந்துச்சீட்டு

அடுத்த ஊசிக்குப் பெனிடியூர் ஒன்று எடுத்து வைக்கவா? இந்த மாதம் சரக்கு குறைவாகத்தான் வருகிறது.


உப்புக்காற்று

இரண்டாக வையுங்கள். இன்றுபோல் நீடில் அடைத்துக் கெட்டால் மாற்று வேண்டும். பச்சை நீடிலும் ஒரு பாக்கெட் சேர்த்து எழுதிவிடுங்கள், இங்கே இன்னும் 5தான் இருக்கிறது.